அம்மாவுக்குப் படித்துக் காட்டிய படம்

காவாந்தண்டலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜான்சன் அண்ணனுக்கு, கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உன் போனுக்கு லைன் போகவில்லை. அதனால் இதை வேதகிரி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு வேலை கிடைத்திருப்பது உங்கள் கேம்ப் பக்கம்தானாம்.

ஏரியில் தண்ணீர் இருக்கிறது. அம்மா நடவுக்குப் போகிறாள். நான் தையல் வேலைக்குப் போகிறேன்.

கம்பெனியை மூடிவிட்டதையும், பாஸ்போர்ட் முதலாளியிடமே இருப்பதையும், தண்ணீர் லாரி ஒழுங்காக வராததையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கடைசியாகப் பேசியபோது நீதான் சொல்லாதே என்றாய். ஆனால் உன் போன் வராததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டிப் பழைய சண்டைப் படம் ஒன்று போட்டார்கள். சத்தமே இல்லாத படம். ஸ்பீக்கர் செத்துப்போச்சா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பட்டாளத்துக்காரர்கள் சிலர் பாலைவனத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் பேசுவது நடுநடுவே தமிழில் எழுத்தாக வந்தது. எங்கள் பாயில் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அம்மா காதில் மட்டும் சொன்னேன். "எங்களுக்கும் கேக்கறா மாதிரி சொல்லுமே, வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" என்று வளர்மதி அக்கா அதட்டினாள். கூச்சமாக இருந்தது. ஆனாலும் சத்தமாகப் படித்தேன்.

நீ இருப்பதும் பாலைவனம் அல்லவா, மணலைப் பார்த்ததுமே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுடைய தண்ணீர் தீர்ந்தபோது பிடி இறுகியது. கடைசியில், "அவர்களைத் தேடி யாரும் வரவில்லை" என்று எழுத்து வந்தது. "மறுநாள் வண்டி வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது" என்று நான் படித்தேன்.

பின்னால் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

வண்டியைக் காட்டவே இல்லையே என்று அம்மா கேட்டாள். பின்னாலிருந்து வேதகிரி மாமாதான், "அதுக்குள்ள படம் தீந்துபோச்சிக்கா" என்றார்.

அன்றிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். உன் லுங்கிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். நேற்று பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அவங்களுக்கு வண்டி வந்திச்சி இல்ல, நம்ம ஜான்சனுக்கும் வரும்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் பாஸ்போர்ட் நகலை மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். பயப்படாமல் எல்லாரும் சேர்ந்து தூதரகத்துக்குப் போங்கள். உன் குரலை ஒரு தடவையாவது அம்மா கேட்கட்டும்.

கர்த்தர் உங்கள் எல்லாரையும் காப்பாராக. நான் படித்தது பொய்யாகிவிடக் கூடாது அண்ணா.

உன் தங்கை,
ஷாரோன்