வாசலில் நின்ற மரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இல்லை என்று உன் ஆல்பத்தைக் கேட்டவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், எது உண்மை என்று நீதான் எழுத வேண்டும். எந்தப் பாட்டைப் போட்டாலும் மழை, ரயில், பூட்டிய கதவு. ஒரு பாட்டிலாவது யாராவது வயிறாரச் சாப்பிட்டார்களா என்று பார்த்தேன், இல்லை. அட்டைப் படத்தில் உனக்கும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு. கிடாரை மட்டும் குறை சொல்ல முடியாது. கட்டைவிரல் ஒரு பக்கம் குழாய் சொட்டுகிற மாதிரி நிதானமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது, மற்ற விரல்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கின்றன, அதற்கு மேல் நீ காதோரம் வந்து கோள் சொல்கிற குரலில் பாடுகிறாய். கோள்தானே அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நீ மட்டும் அந்த வாயால் பெற்றவர்களைக் கெடுத்துவிட்டுப் பிழைக்கிறாய்.

அந்த மரம் பாட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். "நான் அழுத வாசலில் ஒரு மரம் நின்றது" என்று பாடியிருக்கிறாயே, அதைக் கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மர வேலைக்காரன் பொண்ணு இல்லையா, என்னை மரம்னு பாடியிருக்கா, நிழல் குடுத்தேன்னு சொல்றா" என்று பட்டறையில் எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்க வைத்தார். தந்தியில் விரல் நகரும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருகிறதே, அதுகூடத் தன் இழைப்புளிச் சத்தம்தான் என்று பெருமை. எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. நாம் இருப்பது மாடி வீடு, வாசலில் சிமெண்ட் படியைத் தவிர ஒரு செடி உண்டா? நீ பெட்டியும் கிடாருமாக அழுதுகொண்டு நின்ற அன்று, போகாதே என்றும் சொல்லாமல் போய் வா என்றும் சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாரே, அந்த மரம். நான் வாயைத் திறக்கவில்லை. பாலிஷ் போடுகிற ஆள் திறந்துவிட்டான். "அண்ணே, இது நிழல் குடுக்கிற மரம் இல்ல, பாப்பா உங்களத் திட்டியிருக்கு" என்று சொல்லிச் சிரித்தானாம். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டார், அப்படியா என்று. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா, மரம்தான், எது சொன்னாலும் உறைக்காத மரம்" என்றேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்கு அகப்படாத வார்த்தையை நீ தேடிக் கொடுத்திருந்தாய், சொன்னபோது இனித்தது, பொய் சொல்வானேன். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரைகூட அந்த இனிப்பு நிற்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

அடுத்த மாதம் நீ இங்கே பாட வருவது தெருமுனைப் போஸ்டரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது, பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்குத் தோன்றவில்லை. அப்பா மறுநாளே முன்வரிசையில் இடம் வாங்கிவிட்டார். இப்போது நீ மேடையில் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் செய்துகொண்டிருக்கிறார், கிடார் இடிக்காமல், உன் கால் தரையில் பதிகிற உயரத்தில். நேற்று அதை இழைத்துக்கொண்டே, "நான் வந்திருக்கேன்னு அந்தப் பாட்ட விட்டுடப் போறா, விட வேண்டாம்னு எழுது" என்றார். ஆகவே எழுதுகிறேன். விட்டாயானால் பாலிஷ்காரன் சொன்னது சரி என்று நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். பாடினால், அதை அவர் முகத்துக்கு நேராகப் பாட வேண்டும். எதைச் செய்தாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்டையைப் பார்த்துக்கொள், குளிர்ந்ததைக் குடிக்காதே. நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இரு, உன் பேர் விளங்கட்டும். பாட்டு முடிந்ததும் முதலில் கைதட்டப் போவது அவர்தான், எழுந்து ஒரு கும்பிடு போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா