மூன்று மிதி

1988 செப்டம்பர் 4

மில்லில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பரிபூரணம் முறுக்கு கொண்டு வந்திருந்தாள். எட்டு வருஷமாக எங்களுக்கு ஒரே ஷிப்ட், ஒரே தெரு. எட்டாம் தேதி அவள் நாத்தனாருக்கு நிச்சயம். "மொத ஆளா வந்துரணும்க்கா" என்றாள். போகாமல் இருப்பேனா?

செப்டம்பர் 7

சாயங்காலம் பரிபூரணத்தை அவள் புருஷன் தவசிமுத்து கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். "மாவாட்டும்போது முதுகு பிடிச்சிருச்சு மதினி. மூணு மிதி மிதிச்சு விடுங்க. நாளைக்கி இவ எந்திரிச்சு நின்னாத்தான் நிச்சயம் நடக்கும்."

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று தெருவே என்னிடம் வரும். எனக்கு நம்பிக்கையா? பாதிதான். ஆனால் பலருக்கு விட்டிருக்கிறது.

அவளுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஓரமாகப் போய் ஓங்கரித்தாள். "ஏட்டி, வாந்தி வேற வருதா? டாக்டர்ட்ட காட்டுனியா?" என்றேன். அவள் அவனைப் பார்த்தாள். "மத்தியானம் தின்னது சேரல மதினி. இதுக்குப் போயி டாக்டரா?" என்றான் அவன். அவளும் "ஆமாக்கா, வெறும் பிடிப்புதான்" என்றாள்.

இடது காலால் மூன்று முறை, பட்டும் படாமலும். மூன்றாவதற்கு அலறிவிட்டாள்.

செப்டம்பர் 8

விடியற்காலையில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டு நினைவு தப்பிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து மதுரைக்கு. நிச்சயம் நின்றுபோனது. அவளை வண்டியில் ஏற்றும்போதே மாமியார் வெள்ளைத்தாய் தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். "எம் மருமவள மிதிச்சே கொன்னுட்டாளே, பாவி!"

தவசிமுத்து பக்கத்தில்தான் நின்றான். குனிந்தபடி வண்டியில் ஏறிக்கொண்டான்.

நானா? நான்தானா?

செப்டம்பர் 9

சோறு இறங்கவில்லை. ஆண்டாள் தாயே, அவள் பிழைக்கட்டும்.

செப்டம்பர் 11

மதுரைக்குப் போனேன். வெள்ளைத்தாய் வார்டுக்குள் விடவில்லை. வராந்தாவில் ஒரு நர்ஸம்மா நடந்ததைக் கேட்டு இரக்கப்பட்டுச் சொன்னார்: "சிறுநீரகத்துல கல் அடைச்சு சீழ் வச்சிருச்சு. பிழைச்சிருவா. நீங்க மிதிச்சதால வரலம்மா. ஆனா திடீர்னு முதுகு வலிச்சு, வாந்தியும் வந்தா மிதிக்கவும் கூடாது, உருவவும் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துரணும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பிழைத்துவிடுவாள்.

செப்டம்பர் 13

மில் கேட்டில், மில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஐயாதுரையைப் பார்த்தேன். "அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு? ஏழாந்தேதி காலையிலயே டாக்டர் மதுரை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாரே, இப்பவே போங்கன்னு. புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரும் தலைய ஆட்டிட்டுத்தான போனாவ" என்றார்.

ரெண்டு பேரும்!

அடப்பாவிகளா. சீட்டை மடித்து வைத்துக்கொண்டா என் வாசலுக்கு வந்தீர்கள்? நான் கேட்டேனே, வாய்விட்டுக் கேட்டேனே! ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உன்னத் தூக்கிட்டு ஓடியிருப்பேனே. காலத் தூக்கியிருப்பனா?

ஐயாதுரையை இதில் இழுக்க மாட்டேன். நானாகச் சொன்னால் தெரு நம்பாது. அவள் வரட்டும். அவள் வாயால் தெருவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அக்டோபர் 2

பரிபூரணம் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் சொல்லவில்லை. இன்று எதிர்வீட்டுச் சுடலையம்மாள், என் கால் பட்டுவிடும் என்று தன் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். மில்லில் என் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

அக்டோபர் 9

மத்தியானம், தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து, கொல்லை வழியாக வந்தாள். பாதி உடம்பாகிவிட்டாள். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சீட்ட மறைக்கச் சொன்னது நாந்தான்க்கா. என்னால நிச்சயம் நின்னுச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாவ. ஒங்க கால் பட்டா விட்டுரும்னு நெனச்சேன்."

இவள்தானா? அவனைத்தான் இத்தனை நாளும் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த உடம்பைப் பார்த்துவிட்டுத் தூக்கி உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"சரி. இதையே நாளைக்கிக் குழாயடியில சொல்லு. அம்புட்டுப் பேரும் இருப்பாவ" என்றேன்.

"சொல்லுதேன்க்கா" என்றாள்.

அக்டோபர் 10

குழாயடியில் எல்லோரும் இருந்தார்கள். பரிபூரணம் மாமியாரோடு வந்தாள். என்னைக் கண்டதும் வெள்ளைத்தாய் மருமகளிடம், "தள்ளி நில்லுட்டி. இன்னொரு மட்டம் அவ காலு ஒம்மேல பட்டுறாம" என்றாள்.

பரிபூரணம் என்னைப் பார்த்தாள். பிறகு தள்ளி நின்றாள்.