பவுனுக்குக் கொடுக்காத கருப்பட்டி

இன்று காலை நல்ல மழை. கம்பெனி பஸ் வரும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ரெயின்கோட் எடுக்க ஸ்கூட்டி சீட்டைத் தூக்கினேன். குப்பென்று கருப்பட்டி வாசனை. பழைய துணிக்கு அடியில், கம்பெனியில் லைன் வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கையுறைக்குள் நீ முடிந்து கொடுத்த அதே துண்டு, இளகிப்போய்த் துணியோடு ஒட்டிக் கிடந்தது. இத்தனை மாதமும் அதன்மேல்தான் உட்கார்ந்து போய் வந்திருக்கிறேன். நனைந்துகொண்டே நின்று உன்னைத் திட்டினேன். செத்துப்போனவளைத் திட்டலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

உன்மேல் எனக்கு எப்போதுமே வயிற்றெரிச்சல்தான்டி. அதை நேராகச் சொல்ல இப்போதுதான் வாய் வருகிறது.

குதிரை ஏறும் ஆசை முதலில் என்னுடையது. படப்பையைத் தாண்டி ஒரு தோட்டத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவளும் நான்தான். வடக்குப்பட்டில் பிறந்து வளர்ந்தவள், இந்தப் பக்கத்துச் சந்துபொந்தெல்லாம் எனக்குத்தானே தெரியும். நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தவள். துணைக்கு வா என்று உன்னைக் கூப்பிட்டது என் தப்பு. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு. ஒரு பாடத்தில் படித்தது அடுத்த பாடம் வருவதற்குள் எனக்குச் சுத்தமாக மறந்துவிடும். உனக்கு மட்டும் மறக்காது.

மாஸ்டர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். பவுனு, அந்தச் செம்மண் நிறக் குதிரை, அவரைச் சுற்றி வரும். அது குலுங்கி ஓடும்போது அந்தக் குலுக்கலோடு சேர்ந்து சேணத்திலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். எனக்குப் பயம் வந்தால் நாலு விரலும் தானாக மடங்கிவிடும். கடிவாள வார் இறுகும், பவுனு நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று குதிகாலால் தட்டுவேன், விரலை மட்டும் விடமாட்டேன்.

“யம்மா, இது இன்னா ஸ்கூட்டியா? பிரேக்கையும் புட்ச்சிகினு ஆக்சிலேட்டரையும் முறுக்கினா அது இன்னாதான் பண்ணும், பாவம்?” என்று மாஸ்டர் கத்துவார். வேலியோரம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

உனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பிரேக்கே தெரியாத விரல், அதனால்தான் உனக்குச் சவாரி வருகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். இல்லையென்றால் ஊரிலிருந்து வரும் கருப்பட்டியைக் கொடுத்துக் குதிரையை மயக்கிவிட்டாள் என்பேன். உன் தலை கேட்டில் தெரிந்ததுமே பவுனு கனைக்கும். ஸ்கூட்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு வந்த என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கம்பெனி பஸ்ஸில் இடம் இருந்தாலும் நீ உட்காரமாட்டாய். கம்பியைப் பிடிக்காமல், முட்டியை லேசாக மடக்கி, ஒரகடம் ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்குவாய். “இன்னாடி இது கூத்து, வந்து உக்காரு” என்பேன். “ஏட்டி, மூணு வாரம் சும்மா இருந்தா முட்டிக்கு மறந்துரும்லா” என்பாய். பஸ்ஸே சிரிக்கும். நான் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிடுவேன்.

ஆறாவது பாடம் முடிந்ததும் மாஸ்டர் உன்னிடம் சொன்னார்: “அடுத்த தபா கயிறு வாணாம். தனியா வுட்டுடறேன், பாய்ச்சல்ல போலாம்.” என்னிடம், “நீ இன்னும் ரெண்டு மூணு தபா கயித்துலயே சுத்தும்மா” என்றார். நீ என் கையைப் பிடித்துக் குதித்தாய். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வேலைக்கு ஆள் போடும் லிஸ்ட்டை லைன் லீடரான நான்தான் எழுதுவேன். அந்தப் பாடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் ஆறு பேர் கேட்டார். ஐந்து பெயர் எழுதிவிட்டேன். ஆறாவதாக யாரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். உன்னைப் போட்டேன்.

“ஏட்டி, எம்பேரும் லிஸ்டுல கெடக்கு, பாத்தியா?” என்று ஓடி வந்தாய்.

“சூப்பர்வைசரே உம்பேர எழுதிட்டாருடி. நான் இன்னா பண்றது?” என்றேன், உன் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு கையுறையில் முடிந்திருந்த கருப்பட்டியை என் கையில் வைத்து, “பவுனு காத்துக்கிட்டு நிக்கும். கொண்டு குடுத்துரு” என்றாய்.

நான் கொடுக்கவில்லை. உன் கருப்பட்டி இல்லாமல் அது என்னிடம் வரட்டும் என்று வீம்பு. அந்த ஞாயிறுதான் முதல்முறையாக என் விரல் விட்டுக்கொடுத்தது. ஒரு சுற்று முழுக்கப் பவுனின் குலுக்கலோடு சரியாக எழுந்து உட்கார்ந்தேன். நீ பார்த்தாயா என்று வேலிப் பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை.

அடுத்த பாடத்துக்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊருக்குப் போய்விட்டாய். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் பேசினாய், குரலே இல்லை. பவுனைப் பற்றித்தான் கேட்டாய். வைப்பதற்கு முன்னால் சொன்னாய்: “அடுத்த தடவ லிஸ்டு எழுதையில எம்பேர விட்ருட்டி, என்ன.”

என் கையெழுத்து உனக்குத் தெரியாதா என்ன! திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ திட்டவில்லை. அதிலும் நீயே ஜெயித்தாய் என்று, பாவி நான், அப்போதும் எரிந்தேன். “சரிடி” என்று மட்டும் சொன்னேன். நாலாம் நாள் உன் அண்ணன் போன் செய்தார்.

இன்று பஸ்ஸில் நான் உட்காரவில்லை. முட்டியை மடக்கி, கையை விட்டு நின்றேன். மூன்று வேகத்தடை தாண்டினேன், நாலாவதில் கம்பியைப் பிடித்துவிட்டேன். நீ பிடித்திருக்கமாட்டாய். கருப்பட்டி என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பவுனுக்கு நீ கொடுத்ததாகச் சொல்லிக் கொடுப்பேன்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். மத்தியானம் சூப்பர்வைசர் தாளை நீட்டி, “ஆறு பேரு வேணும்மா” என்றார். ஆறு பெயர் எழுதிக் கொடுத்தேன். நீ சொன்னபடியே உன் பெயரை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.