குண்டன் வயிற்றில் இருப்பது உண்ணி இல்லை

ஏங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க.

நேத்து குண்டன் வயித்துல நீங்க இடுக்கியால இழுத்தது உண்ணி இல்ல, மரு. நாய்னாலும் வலிக்கும்ல? கட்டிலுக்கு அடியில போனவன் இன்னும் வெளிய வரல. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். ஆனா நீங்க முடியை விலக்கி ஒரு தடவை பார்த்திருக்கலாம். உண்ணின்னா தோலை ஒட்டிக் குட்டிக் குட்டியா கால் தெரியும். மருவுக்குக் கால் கிடையாது, தொட்டா தோலோட சேர்ந்து அசையும். சந்தேகமா இருந்தா கையே வைக்காதீங்க.

சாயங்காலம் நாய் டாக்டர்கிட்ட காட்டணும், நான் வந்துடறேன். அதுவரைக்கும் அவனை அதட்டி இழுக்காம, தட்டை மட்டும் உள்ள தள்ளி விடுங்க.

(இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன்.) அந்த மருவைத்தான் நம்ம பொண்ணு காலிங் பெல்னு சொல்லி அமுக்குவா. உடனே அவன் மல்லாந்து படுத்து வாலை ஆட்டுவான். நீங்க அப்பல்லாம் வேலையில இருப்பீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிலேர்ந்து அவ இல்லாம நாம மட்டும் திரும்பி வந்த அன்னிக்கு, நானும் அமுக்கிப் பார்த்தேன். அவன் எழுந்து போய் வாசக்கதவுகிட்ட நின்னுட்டான்.