புடவைக்குப் போன கஞ்சி

நவம்பர் 6, 2024 – புதன்

இன்று கடைத்தெருவில் ஒற்றைச் செருப்போடு ஒரு தெரு நீளம் நடந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. பூக்காரிதான் கூப்பிட்டாள்: "மாமி, இன்னொரு செருப்பு எங்க?" குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக நிற்கிறது. கான்வென்டில் ஷூ பாலிஷ் மங்கினாலே வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். அங்கே படித்தவள், எழுபத்துமூன்று வயதில் இப்படி.

புடவை மட்டும் கஞ்சி மொடமொடப்போடு விறைப்பாக இருந்தது. அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 8 – வெள்ளி

குளியலறை வாசலில் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் விண்ணரசி, நான் எழுந்திருப்பதற்குள் ரகுவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

சென்னையிலிருந்து என் பிள்ளை கத்துகிறான். "போறும்மா. மன்னார்குடியில நீ தனியா இருந்தது போறும். பொங்கலுக்குக் காலிப் பெட்டியோட வரேன். உன் புடவையெல்லாம் அடுக்கிண்டு கிளம்பறோம்."

"நான் என்ன பார்சலாடா?"

"சரி, ஹரித்ரா நதியை ஒரு சுத்து நட பார்ப்போம். யாரையும் பிடிச்சுக்கப்படாது. நடந்துட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பெயர்தான் நதி, எங்கள் ஊர்த் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். சரி என்றுவிட்டேன். எதை நம்பிச் சரி என்றேன்?

அவன் வீடு ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் ஜன்னல்.

நவம்பர் 11 – திங்கள்

விண்ணரசியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டர் ஜெனிட்டாவிடம் போனேன். சின்னப் பெண். சர்க்கரை இல்லை என்றாள். கவட்டை மாதிரி ஓர் இரும்புக் கருவியைத் தட்டி என் கட்டைவிரலில் வைத்து, "அதிருதா மாமி?" என்றாள். "எது?" என்றேன்.

தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். ரசம் சாதம், மோர் சாதம். என் கணவர் போனபிறகு ஒருத்திக்காகப் பருப்பு வேகவைப்பானேன்? ஆனால் அரிசி முதல்தரம் – மில்லில் இரண்டு தடவை பாலிஷ் போட்ட பச்சரிசி. தண்ணீர் பளிங்காகத் தெளியும் வரை ஏழு முறை களைவேன். நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, ஒரு சொட்டு நிற்காமல் வடிப்பேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"களைஞ்ச தண்ணி?"

"விண்ணரசியோட மாட்டுக்கு."

"வடிச்ச கஞ்சி?"

"என் புடவைக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"மன்னிச்சுக்குங்க மாமி. தவிட்டுல இருந்த பி வைட்டமினை மில்லுக்காரன் எடுத்துட்டான். மிச்சத்துல பாதி மாட்டுக்கு. மீதி உங்க புடவைக்கு. அது தண்ணில கரையுற சரக்கு. தண்ணி எங்க போவுதோ கூடவே போயிடும். உடம்புல ரொம்ப நாளைக்குச் சேத்து வைக்கவும் முடியாது, அப்பப்ப சாப்பாட்டுலேருந்துதான் வரணும்."

பி ஒன் என்கிற தயமின் குறைந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகுமாம். ஊசி, மாத்திரை. பருப்பு, கீரை, வேர்க்கடலை. வடிக்கவே கூடாது. அரிசியும் இனிமேல் புழுங்கல் – நெல்லை உமியோடு வேகவைப்பதால் சத்து உள்ளே இறங்கிவிடுமாம்.

புழுங்கலா! இந்த வீட்டிலா!

ஆட்டோவில் வழியெல்லாம் விண்ணரசியின் பேச்சுத்தான். "அதான் எங்க மாடு மினுமினுன்னு இருக்கு! அதான் உங்க புடவை கொடியிலேருந்து எடுத்தா தானா எந்திரிச்சு நிக்குது! நீங்க மட்டும் விழுறீங்க!"

கடிந்துகொள்ளத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இறங்கும் வரை அடங்கவில்லை.

நவம்பர் 13 – புதன்

காலையில் கழிவறையில் ஒரு பயங்கரம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. மஞ்சள். சாமந்திப்பூ மஞ்சள். டாக்டருக்குப் போன் செய்தேன். தமிழில் சொல்ல நா எழவில்லை. "டாக்டர், தேர் இஸ் எ மேட்டர் ஆஃப் கலர்" என்றேன்.

"மாத்திரையில இருக்கிற பி டூ மாமி. உடம்பு வேணுங்கறதை எடுத்துக்கிட்டு மீதியை வெளிய அனுப்பிடும். பயப்படாதீங்க."

என் உடம்பு இப்படி ஓர் ஊதாரி என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

நவம்பர் 20 – புதன்

புழுங்கல் சாதம், கீரை மசியல். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்வதற்கில்லை.

டிசம்பர் 5 – வியாழன்

கட்டைவிரலில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. குனிந்து பார்த்தேன் – நிஜமாகவே எறும்பு! கடித்தது! வலித்தது!

"எறும்பு கடிச்சதுக்கு இம்புட்டு சந்தோசப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் விண்ணரசி. அதை நசுக்கப் போனவளைத் தடுத்துவிட்டேன்.

டிசம்பர் 22 – ஞாயிறு

ஒத்திகை. இரண்டு கரையோடு சரி. படித்துறையில் உட்கார்ந்து, ஆட்டோ பிடித்து வீடு வந்தேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம். அந்த ஜன்னல் ஞாபகத்துக்கு வருகிறது. சீ, போதும்.

ஜனவரி 14, 2025 – செவ்வாய்

ரகு வந்துவிட்டான், காலிப் பெட்டியோடு. கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறான். அது என்னையே பார்க்கிறது.

நாளை நடை. ஊரே பார்க்கும். ஒரே ஒரு நாள் வடித்துப் புடவைக்குக் கஞ்சி போட்டால் என்ன? பாத்திரத்தைச் சாய்க்கக் கைகூட வைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். துவண்ட புடவையோடு இந்த ஊர் என்னை ஒரு நாள் பார்க்கட்டும்.

ஜனவரி 15 – புதன்

நடந்துவிட்டேன்!

மூன்று கரை ஒரு சிக்கலும் இல்லை. ரகு பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு வந்தான், கோழிக்குஞ்சைப் பிடிக்க வருகிறவன் மாதிரி. நாலாவது கரையில் இடது செருப்பு நழுவியது. நின்றேன். அவன் ஓடி வந்தான்.

"முடியலையாம்மா? பிடிச்சுக்கோ."

"கையை எடுடா. கழண்டது செருப்பு. நான் இல்லை."

கால்விரலால் துழாவி மாட்டிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது – நழுவியது தெரிந்ததே! பூக்காரி சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது! கடைசி நூறு அடி கொஞ்சம் வேகமாகவே நடந்தேன். ரகுவுக்குத்தான் மூச்சு வாங்கியது. மருமகளிடம் சொல்லி அவனுக்கும் கீரை போடச் சொல்லவேண்டும்.

இன்று மாட்டுப் பொங்கல். விண்ணரசியின் மாட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதமாகக் களையும் தண்ணீரில் சத்தைக் குறைத்துவிட்டேனே, பாவம்.

ஜனவரி 17 – வெள்ளி

ரகு கிளம்பினான். பெட்டி காலியாகப் போவானேன் என்று பத்து கிலோ புழுங்கல் அரிசியும் வேர்க்கடலையும் அடைத்துவிட்டேன். "என்னம்மா இப்படிக் கனக்கறது?" என்று முணுமுணுத்தான். "ரெண்டு தண்ணிக்கு மேல களையாதே, வடிக்காதே" என்றேன்.

வாசலில் நின்று கை ஆட்டினேன். காற்றில் என் தலைப்பு பறந்தது. இத்தனை வருஷத்தில் அது ஒரு நாளும் பறந்ததில்லை.