இனேஸ் சொன்ன என் வாக்கியம்

பிப். 10, செவ்வாய்

காலையில் பனி. காவிரிப் பாலமே தெரியவில்லை. இன்று: சுடிதார் இஸ்திரி, காஸ் புக்கிங், காரமில்லாத சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க.

நாளை இனேஸ் வருகிறாள். லிஸ்பனில், உள்ளாட்சிகளுக்கான சர்வதேச அமைப்பு ஒன்றில் நான் இன்டர்ன்ஷிப் செய்தபோது மேலதிகாரி. முதல் வாரம் குளிரில் நடுங்கிய எனக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவள். ஸ்ரீரங்கம் வீதிகளில் பூ விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாதது பற்றி அங்கிருந்து ஞாயிறுதோறும் அவர்களோடு போனில் பேசி, பதிவு செய்து, அறிக்கை எழுதினேன். அதைத்தான் வியாழக்கிழமை இங்கே மாநகராட்சிக் கூட்டத்தில் வைக்கிறார்கள். "உன் பெயரோடுதான் வரும்" என்று அப்போதே சொல்லியிருந்தாள். மொழிபெயர்ப்பும் நானே. அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

பிப். 11, புதன்

விமானம் தாமதம். பார்த்ததும் கட்டிக்கொண்டாள். மல்லிகைச் சரம் கொடுத்தால் கையில் சுற்றிக்கொள்கிறாள். அம்மாதான் பிடுங்கித் தலையில் வைத்துவிட்டாள். "நல்ல மாதிரியா இருக்காங்கடி. நம்ம வீட்லயே தங்கட்டுமே." அவளுக்கு ஹோட்டல் போட்டிருக்கிறார்கள்.

ஸ்லைடுகளைக் கேட்டேன். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். களைப்பாக இருக்கும்.

பிப். 12, வியாழன்

இன்று கூட்டம்.

ஏசி அதிகம். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் பூக்காரப் பெண்கள். முதல் ஸ்லைடில் இனேஸ் பெயர். அது மட்டும். கடைசியில் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் என் வாக்கியங்கள். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில்.

பிறகு, "ஒரு பெண் என்னிடம் சொன்னார்" என்றாள். என்னிடம். அதையும் சொன்னேன், மைக்கில்: "தண்ணி குடிக்காம இருக்கறதும் எங்க பொழப்புல ஒரு வேலைதான்."

வடக்கு உத்திர வீதியில் பூக்கட்டும் செல்வி அக்கா எழுந்துவிட்டார். "அது நான் உங்கிட்ட போன்ல சொன்னதுல்ல பாப்பா? இவங்கள இன்னைக்குத்தானே பாக்கறேன்."

இனேஸ் என் பக்கம் திரும்பினாள். என்ன சொல்கிறார்?

மொழிபெயர்ப்பாளர்தானே நான். வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஓர் அதிகாரி செருமினார். இனேஸ் சிரித்தாள், "எவ்வளவு அழகு" என்றாள், அடுத்த ஸ்லைடுக்குப் போனாள். கடைசி ஸ்லைடிலும் நான் இல்லை. கழிப்பறை பற்றி அதிகாரிகள் சொன்னது: "பரிசீலிக்கிறோம்மா."

காரில் கேட்டேன். என் பெயர் எங்கே?

"இன்டர்ன்கள் பெயரை நாங்கள் போடுவதில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்." பிறகு, "எல்லார் முன்னாலும் அப்படிச் செய்திருக்க வேண்டாம். உன்னை எவ்வளவு நம்பினேன்."

துரோகம் செய்தவள் நானாம். ஹோட்டல் வாசலில் வழக்கம்போலக் கட்டிக்கொண்டாள். நின்றுகொண்டிருந்தேன்.

பிப். 13, வெள்ளி

தயிர்சாதம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்தக் கோட்டு குடுத்தாளே, அவளா?" திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கூட்டத்து போட்டோவை ஃப்ரேம் போடக் கொடுத்திருக்கிறார்.

பிப். 15, ஞாயிறு

இனேஸிடமிருந்து மெசேஜ். ஊர் போய்ச் சேர்ந்தாளாம். நடந்ததை மறந்துவிடலாமாம். அடுத்த மாநாட்டுக்குப் பெண்களின் குரல் பதிவுகள் வேண்டுமாம், உடனே. மேற்படிப்புக்கு எனக்குத் தருவதாகச் சொன்ன சிபாரிசுக் கடிதம் நினைவில் இருக்கிறதாம்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். செல்வி அக்கா கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், கடிதத்தையும் சேர்த்து.

"குடுக்கலன்னா உனக்கு அந்தக் கடுதாசி வராதா?"

"வராதுக்கா."

நாரைப் பல்லில் கடித்து அறுத்தார். "எங்கிட்ட கேக்கறியா, உங்கிட்டயே கேட்டுக்கறியா?"

"உங்க குரல்க்கா. உங்களத்தான் கேக்கறேன்."

"அப்ப குடுக்காத."

அங்கேயே நின்று, அதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி இனேஸுக்கு அனுப்பினேன். யார் சொன்னது என்று பெயரும் போட்டு.