வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்

மார்ச் 3, செவ்வாய்

ஏழாவது எபிசோடு வந்துவிட்டது. பார்த்தேன். இவர்கள் எல்லாம் மனிதர்கள்தானா?

கிடங்குக்குத் தீ வைத்தது தன் அப்பாதான் என்று ஹீரோவுக்கு நாலாவது எபிசோடிலேயே தெரியும். அந்தத் தீயில் செத்தவன் தான் காதலிக்கிற பல் டாக்டரின் அண்ணன் என்பதும் தெரியும். அப்புறமும் மூன்று எபிசோடாக, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கிறான். முதல் தடவை போன் அடித்தது. அடுத்த தடவை மழை வந்தது. இன்றைக்கு அவனுக்கு மயக்கமே வந்துவிட்டது. தீ விபத்துகளைத் துப்புத் துலக்குகிறவன், எரிகிற கட்டடத்துக்குள் துணிந்து இறங்குகிறவன், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பொத்தென்று விழுகிறான்!

அவள் மட்டும் லேசுப்பட்டவளா? பாதி எரிந்த போட்டோவில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். கேட்க வேண்டியதுதானே? மாட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாள். கேமரா அவளை ஒரு சுற்றுச் சுற்றி வரும். பியானோ. பிறகு, சற்று முன் நாம் பார்த்த அதே காட்சியை, நமக்கு மறதி நோய் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை போடுவார்கள்.

இந்தக் கொரியன் கூத்துக்கு, உதட்டசைவு பார்த்துத் தமிழ் வசனம் எழுதுவதுதான் என் பிழைப்பு. வாரத்துக்கு இரண்டு எபிசோடு. செவ்வாய் வரும், வியாழன் குரல் பதிவு, சனி ஞாயிறு டிவியில். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. பார்க்கிறவர்களாவது சேனலை மாற்றலாம். நான் எங்கே போவது?

மயக்கக் காட்சியில் நர்ஸுக்கு, "வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டா" என்று எழுதிவிட்டேன். நன்றாக ஒட்டியது. அப்புறம் அழித்தேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று வெங்கலத்தோடு சண்டை.

அவள் நிஜப் பெயரை ஸ்டூடியோவில் யாரும் சொல்வதில்லை. வெண்கல மணி மாதிரிக் குரல் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த பெயர். பதினெட்டு வருஷமாக நான் எழுதுகிறேன், அவள் பேசுகிறாள். நாற்பத்தைந்து வயது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருபத்தாறு வயதுப் பல் டாக்டர்தான் எதிரில் நிற்பாள்.

இன்று அப்படி இல்லை. அண்ணனின் சமாதியில் அழுகிற காட்சி. நான் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தேன். அவள் அதைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனாள். உச்சத்துக்கு ஏற வேண்டிய இடத்தில் ஏறவே இல்லை.

"என்னடி, அண்ணன் செத்ததுக்கு அழறியா, பஸ் போயிடுச்சேன்னு அழறியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தண்ணீர் குடித்தாள். "இப்படிப் பண்ணா இயல்பா இருக்கும்னு நினைச்சேன்."

"இயல்பா? அந்த நடிகை வாயைப் பாரு, கிழிஞ்சு தொங்குது. உன் குரல் கதவுக்கு வெளிய நிக்குது."

சவுண்டு இஞ்சினியர் நடுவில் புகுந்தார். "இது போதும் மேடம், நான் சரி பண்ணிக்கறேன்."

எதைச் சரி பண்ணுவார்? வேலையில் இவளுக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான் அலுக்கிறது. நான் அதை எழுத்தில் காட்டுகிறேனா?

மார்ச் 6, வெள்ளி

வெங்கலம் போன் எடுக்கவில்லை. ரோஷமாம். இருக்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பதாவது எபிசோடு. இருவரும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். சொல்வதற்கு இதைவிட இடம் வேண்டுமா? போனுக்கு சிக்னல் கிடையாது, மழை உள்ளே வராது. அவன் என்ன செய்கிறான்? தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்துகிறான். லிஃப்டுக்குள் என்ன குளிரோ!

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தபோது அத்தை அறைக்குள் வந்தார். என் மாமியார் இந்தத் தொடருக்கு அடிமை. கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியும், வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். இன்று அதைக் கேட்க வரவில்லை.

"ஏம்மா, அந்தப் பல் டாக்டர் பொண்ணுக்குத் தொண்டையில என்ன?"

"ஒண்ணும் இல்லியே அத்தை."

"ரெண்டு வாரமா பாக்கறேன். ஒவ்வொரு பேச்சு முடியறப்பவும் காத்து மாதிரி போகுது. வெந்நீர் குடிக்கச் சொல்லு. இல்லன்னா டாக்டர்கிட்டப் போகச் சொல்லு."

"அவளே டாக்டர்தான் அத்தை."

"பல்லுக்குத்தானே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிரித்தேன். பிறகு ஆறாவது எபிசோடை எடுத்து, படத்தைப் பார்க்காமல் கேட்டேன். ஐந்தாவதைக் கேட்டேன். அதற்கு முந்தையதையும்.

காற்று. ஆமாம்.

மார்ச் 12, வியாழன்

எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும்! ஹீரோவுக்குப் பேசுகிறவருக்குத் தெரியும். வரவேற்பில் உட்காருகிற பெண்ணுக்குத் தெரியும். இஞ்சினியருக்கு ஜனவரியிலிருந்தே தெரியும். குரல் நாணில் ஒரு கட்டி. பயப்படுகிற மாதிரி இல்லையாம், ஆனால் வெட்டி எடுக்க வேண்டுமாம். அதுவரை கத்தக் கூடாது, அழக் கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானோ வாரா வாரம் அவளை அழ வை, அலற வை என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இஞ்சினியரைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னாங்க மேடம். நீங்க ரகளை பண்ணிடுவீங்கன்னு..."

"நான் ரகளை பண்ற ஆளா?"

படிக்கட்டே அதிர்ந்தது.

பஸ் போயிடுச்சேன்னு அழறியான்னு கேட்டேனே. அவ தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னாளே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பதினெட்டு வருஷம்டி! நான் என்ன மூணாம் மனுஷியா?

மார்ச் 13, வெள்ளி

அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, தனி ஆள். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே, "யாரு சொன்னது?" என்றாள்.

"என் மாமியார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலும் பாதி காற்று. எனக்கு இன்னும் கோபம் ஏறியது. கொட்டித் தீர்த்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? நேரா முதலாளி ரூமுக்குப் போய் மேஜையைத் தட்டியிருப்பே. எனக்கு நாப்பத்தஞ்சு வயசுடி. ஒரு தடவை அந்த நாற்காலியை விட்டு எழுந்தா அவ்வளவுதான், வேற ஒருத்தி வந்து உக்காந்துடுவா. தொடர் முடியட்டும், நானே சொல்றேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. சரியான நேரம் வரட்டும்னு. அந்த லிஃப்டுக்குள்ள இருக்கறவனும் இதையேதான் சொல்றான்."

"அவன் கதையில பதினாறு எபிசோடு ஓட்டணும். எனக்கு வாடகை கொடுக்கணும்."

கடைசியில் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். தொடர் முடிகிறவரை முதலாளியிடம் மூச்சு விடக் கூடாது. கொடுத்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

பதினொன்றாவது எபிசோடு. மொத்தமும் பழைய நினைவு! கடற்கரை, முதல் சந்திப்பு, குடை. எல்லாம் ஏற்கெனவே அவள் பேசிப் பதிவான காட்சிகள். புதிதாக ஒரு வரிகூடப் பேச வேண்டாம், பழையதை எடுத்து ஒட்டினால் போதும். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஃப்ளாஷ்பேக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பன்னிரண்டாவதை நான் பார்த்துக்கொண்டேன். பல் டாக்டரின் முதுகு தெரிகிற ஷாட்டில் வசனத்தை எடுத்துவிட்டேன். அவள் சொல்ல வேண்டியதை அவன் வாயில் போட்டேன். "நீ கேக்க வர்றது எனக்குப் புரியுது" என்று அவனே கேட்டு அவனே பதில் சொல்கிறான். முகம் தெரிகிற இடங்களில் "ம்", "சரி", "போ". அழுகையை மட்டும் கொரிய நடிகையின் குரலிலேயே விட்டுவிடலாம் என்று இஞ்சினியர் சொன்னார். அழுகைக்கு மொழி ஏது? அந்த மகராசி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நமக்காகவும் சேர்த்து அழுகிறாள்.

ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கறியாடி பல் டாக்டர்? நில்லு. நல்லா நில்லு.

மார்ச் 25, புதன்

சேனலிலிருந்து புகார். கதாநாயகி ஊமை மாதிரி இருக்கிறாளாம். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். "மூலத்துலயே அப்படித்தான் சார், மௌனமான காதல்" என்று வாய் கூசாமல் சொன்னேன். நம்பவில்லை. ஆனாலும் மேலே கேட்காமல் அனுப்பிவிட்டார்.

பொய் சொல்வது எனக்கு வராது. வெளியே வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

பாவிகள். படுபாவிகள்!

தீ வைத்தது அவன் அப்பா இல்லையாம். குடும்ப வக்கீலாம். அந்த வக்கீல் எப்போது கதைக்குள் வந்தான்? பதின்மூன்றாவது எபிசோடில், காபி கொடுக்க! அப்படியானால் நாலாவதிலிருந்து அந்த மகானுபாவன் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு திரிந்தது எதற்காக? இல்லாத குற்றத்துக்காக எங்கள் உயிரை எடுத்தானே.

அதுகூடப் போகட்டும். கடைசி எபிசோடில் பல் டாக்டர் பேசுகிறாள். கோர்ட்டில். இத்தனை நாள் பூட்டி வைத்த வாயைத் திறந்துவிட்டாள். குளோசப். முதுகு இல்லை, ஜன்னல் இல்லை, பியானோகூட இல்லை. அண்ணனைப் பற்றி, தீயைப் பற்றி, தன்னிடம் யாருமே எதையும் சொல்லாததைப் பற்றி, அழுது, கத்தி, தொண்டை நரம்பு புடைக்க, ஆங்கில மொழிபெயர்ப்பில் நான்கு பக்கம்.

நல்ல வசனம். அதுதான் வயிற்றெரிச்சல். பல வருஷத்தில் இப்படி ஒன்று எனக்கு எழுதக் கிடைத்ததில்லை.

ஏப்ரல் 1, புதன்

காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். ஸ்டூடியோவிலிருந்து வந்த அந்தக் கோர்ட் காட்சியை அவளும் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

"எழுது. நான் பேசிக்கறேன்."

"எழுத மாட்டேன்."

"பதினாலு எபிசோடு நான் பேசியிருக்கேன். அவ ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கறா. அதை இன்னொருத்திக்குக் கொடுக்கணுமா?"

"தொண்டை கிழிஞ்சு ரத்தம் வந்தா? போய் முதலாளிகிட்ட நீ சொல்லு. இல்லன்னா இன்னிக்கு நான் சொல்வேன்."

"சத்தியம் பண்ணியிருக்கே."

"சத்தியமாவது மண்ணாவது."

அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. சுத்தமாக ஒன்றுமே வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

உதட்டைப் பார்த்து வசனம் எழுதுகிறவள் நான். அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்தது. "போடி வெளியே" என்றாள்.

நான் போகவில்லை. தண்ணீர் கொடுத்தேன். ரொம்ப நேரம் கழித்து அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். சேர்ந்து ஸ்டூடியோவுக்குப் போனோம். அவள் பக்கத்தில் நிற்க, முதலாளியிடம் நான் சொன்னேன். மேஜையைத் தட்டவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனே" என்றார்.

அனுப்பியிருப்பாரா? இன்றைக்குச் சொல்வது சுலபம்.

ஏப்ரல் 2, வியாழன்

பதினைந்தாவதில் பல் டாக்டருக்கு நான் விட்டுவைத்த "ம்", "சரி"களை இஞ்சினியர் பழைய பதிவிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டார். கடைசி எபிசோடுக்குப் புதுப் பெண் வந்து பேசினாள். கோர்ட் காட்சியை இரண்டே டேக்கில் முடித்துவிட்டாள். நன்றாகப் பேசினாள். அதற்காகவே அவளைப் பிடிக்கவில்லை. அநியாயம்தான். என் டைரியில் நான் யாரை வேண்டுமானாலும் பிடிக்காமல் இருப்பேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கடைசி எபிசோடு ஒளிபரப்பானது. கோர்ட் காட்சி வந்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ யாரு? இது அந்தப் பொண்ணு இல்லியே."

சொன்னேன். கட்டி, ஆபரேஷன், எல்லாவற்றையும். அத்தை ரிமோட்டை எடுத்து சத்தத்தை முழுக்கக் குறைத்தார். நான்கு பக்கத்தையும் சத்தமில்லாமலே பார்த்தார். கொலைகாரன் யார் என்றுகூட என்னிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. இனி டாக்டர் சொல்லும்வரை அவள் வாய் திறக்கக் கூடாது. நானும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் கஷ்டம்.

மே 2, சனி

மத்தியானம் செல் அடித்தது. அவள் பெயர். இத்தனை நாள் மெசேஜ்தானே, தவறிக் கை பட்டிருக்கும் என்று நினைத்து எடுத்தேன்.

"டாக்டர் கொஞ்ச நேரம் பேசலாம்னுட்டார். குறுக்க பேசாதே, இது என் டைம். அந்த வக்கீல் எங்கேருந்துடி வந்தான்?"

வேறு குரல். அடியிலிருந்து வந்தது, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பு. காற்று இல்லை.

"ஒரு மாசமா வயித்துல வெச்சுக்கிட்டு இருக்கேன். காபி கொடுக்க வந்தவன் கொலைகாரனா? அப்போ கிடங்குல கிடைச்ச அந்த லைட்டர் யாருது? ஹீரோவோட அப்பா எதுக்கு அழுதார்? எவன் எழுதினான் இதை? நான் பேசாம கிடந்தப்ப இதையேதான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

எனக்கும் அந்த வக்கீல் மேல் எத்தனையோ சொல்ல இருந்தது. வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நடுவில் திடீரென்று நிறுத்தினாள்.

"இந்தக் குரல் இனிமே ஹீரோயினுக்கு ஆகாது, இல்ல?"

"ஆகாது" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "சரி, அந்த லைட்டர் விஷயத்துக்கு வா" என்றாள்.